ஒப்புக்கொள்ளும் முன் அந்த ஆய்வக மாணவர்களிடம் பேசட்டும்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்டப் படிப்புக்கு அழைப்பு வந்திருக்கும் மகளின் மதிப்பெண்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டு, "அந்தத் துறையில் எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் யாருமே இல்லையாம், தாக்குப்பிடிப்பாளா?" என்று பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அவளுடைய திறமையைச் சந்தேகிக்க அதில் எதுவுமில்லை.

1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் ஆராய்ந்தார். ஆர்வமில்லை, குடும்ப ஆதரவில்லை என்று ஆளாளுக்குச் சொன்ன காரணங்கள் பொருந்தவில்லை. அவர்கள் நன்றாகவே உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடிப் படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்திக்கொண்டார்கள். கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பயிலரங்கை அவர் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. அறிவியல் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்காக 1988இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும், உதவித்தொகையோடு நிறுத்தாமல், மாணவர்களை ஒரே அணியாகச் சேர்த்துப் படிக்கவைத்தது.

முனைவர் பட்டப் படிப்பில் இந்தத் தனிமை இன்னும் கூடும். பணம், நேரம், பரிந்துரைக் கடிதம் மூன்றும் பெரும்பாலும் ஆய்வை வழிநடத்தும் ஒரே பேராசிரியரின், அதாவது நெறியாளரின், கையில் இருக்கும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்த ஆய்வகம்தான் முக்கியம். இப்போது அங்கே இருக்கும் மாணவர்களிடம், நெறியாளர் உடனில்லாத நேரத்தில், உங்கள் மகள் பேச வேண்டும். நெறியாளர் வாரம் ஒருமுறையாவது மாணவர்களைச் சந்திக்கிறாரா? உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, எழுத்தில் தருவார்களா? சேர்ந்த பிறகு எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தவறினால் மறுவாய்ப்பு உண்டா? நெறியாளரை மாற்ற வழியிருக்கிறதா? பாதியில் விலகிய ஒருவர் பேசக் கிடைத்தால் அவரைத் தவறவிடாதீர்கள். புகழ்ந்து பேசும் பத்துப் பேரைவிட அவர் அதிகம் சொல்வார். மாணவர்களோடு பேச விடவே தயங்கும் நெறியாளரிடம் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

சேர்ந்த பிறகு, துறைக்குள்ளேயே இன்னொரு மூத்தவரையும் வழிகாட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். நெறியாளருடன் உரசல் வந்தால் அவர்தான் துணை. அடிப்படைப் பாடங்களில் இடைவெளி இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதுகலை முடித்து, பழக்கப்பட்ட வழிகாட்டிகளோடு முனைவர் படிப்புக்கு நகரும் அமெரிக்காவின் ஃபிஸ்க், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது போன்ற பாலத் திட்டங்கள் இதற்காகவே உருவானவை. விண்ணப்பக் கட்டணத்துக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் ஆண்டில் "எனக்கு இங்கே இடமில்லை" என்று அவள் சொல்லக்கூடும். "திரும்பி வந்துவிடு" என்றோ "பல்லைக் கடித்துக்கொள்" என்றோ சொல்லாமல், யாரோடு சேர்ந்து படிக்கிறாய் என்று கேளுங்கள். எப்போது முடியும் என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். அது ஆய்வு மாணவர்கள் எவருக்குமே பிடிப்பதில்லை.

இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் தலா இரு மாணவர்களிடம் பேசிவிட்டு, அவர்கள் சொன்னதை அவளே எனக்கு எழுதட்டும். அதன் பிறகு சம்மதக் கடிதம் அனுப்பலாம்.