கோத்தகிரிச் சரிவில் தோட்டம்: புல்தரைக்கும் பாத்திக்கும் நடைபாதைக்கும் எந்தக் கரை நிலைக்கும்?

கோத்தகிரியில் புது வீடு கட்டி, சரிவான நிலத்தில் புல்தரையும் பூப்பாத்தியும் நடைபாதையும் போட்டிருக்கிறீர்கள். ஓரம் கட்டச் செங்கல் நல்லதா, கல்லா, பிளாஸ்டிக் பட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கம் நெடுங்காலமாகத் தோட்ட வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்: கல். ஆனால் கல்லை இறக்குவதற்கு முன், உங்கள் புல் எது, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

முதலில் புல். நீலகிரியில் வீட்டுப் புல்தரை என்றால் பெரும்பாலும் கிக்குயு புல்தான். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த இதற்கு நம் குளிரும் ஈரமும் நன்றாக ஒத்துப்போய்விட்டன. சோலைக்காடுகளை ஒட்டிய பழைய புல்வெளிகளிலும் புகுந்துவிட்டது. மண்ணின் மேலும் தண்டை ஓடவிடும், அடியிலும் ஓடவிடும். ரோஜாப் பாத்தியைக் களைக்கொத்தால் கிளறிப் பாருங்கள்: வெளுத்த, விறைப்பான தண்டு ஒன்று தட்டுப்படும். இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். அறுந்து மண்ணில் தங்கிய ஒரு கணு போதும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். ஆகவே கரை மண்ணுக்குள் முக்கால் அடியாவது இறங்க வேண்டும். மேலே இரண்டு விரல் உயரம் தெரிந்தால் போதும்.

இந்த ஒரு கணக்கிலேயே பிளாஸ்டிக் பட்டை கழிந்துவிடுகிறது. நான்கைந்து அங்குல அகலப் பட்டைக்கு அடியில் கிக்குயு தாராளமாக நுழையும், வெயில் பட்டுப் பட்டையும் நொறுங்கும். மரக்கட்டை இங்கே பெய்யும் மழைக்குச் சீக்கிரம் மக்கிவிடும். அதோடு, மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். கரைக்காக ஒரு மரத்தில் கை வைக்காதீர்கள்.

செங்கல் அழகுதான், எனக்கும் அதன் நிறம் பிடிக்கும். ஆனால் அரைவேக்காட்டுச் செங்கல் தண்ணீரைக் குடித்துக் குடித்து உதிர்ந்துவிடும். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள்: கணீரென்று கேட்டால் எடுங்கள், மொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள். நிழலான இடத்தில் எந்தச் செங்கல்லிலும் பாசி பிடிக்கும், நடைபாதை ஓரத்தில் அது வழுக்கும்.

இனித் தண்ணீர். ஊட்டியும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கனமழை வருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். அந்த மழையில் சரிவுக்குக் குறுக்கே நிற்கும் கரை தண்ணீரைத் தேக்கும். சரிவோடு இறங்கும் கரை தண்ணீருக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். நண்பர் வீட்டுப் புல்தரையின் கீழ்விளிம்பில் கொத்தனார் நீளமாக, இடைவெளியே இல்லாமல் சிமென்ட் கட்டை கட்டியிருந்தார். ஒரே மழைக்காலத்தில் அந்த ஓரம் முழுக்கச் சொதசொதவென்று ஊறி, புல் மஞ்சளித்து, பாசி ஏறிவிட்டது. பிறகு நாலடிக்கு ஒரு துளை போட்டு, பின்புறம் சல்லி நிரப்பித்தான் சரிசெய்தோம்.

உங்கள் நிலத்துக்கு நான் செய்வது இது. நேர்க்கோட்டு ஓரங்களுக்கு ஓரடி அகலத்தில் அறுத்த கடப்பா கல் பலகைகளைக் குத்துவாக்கில் நட்டு, மண்ணுக்குள் இருக்கும் இணைப்புகளைச் சிமென்ட் கலவையால் அடைப்பேன். அடைக்காத இணைப்பு கிக்குயுவுக்குத் திறந்த கதவு. சரிவுக்குக் குறுக்கே போகும் இடங்களில் மண்மட்டத்தில் நாலடிக்கு ஒரு குழாய்த் துண்டு வைத்து, கரையின் மேட்டுப்பக்கம் சல்லி போடுவேன். வளைவுகளுக்குச் சிறு கருங்கற்கள் போதும். தண்ணீர் ஊற்றும் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுப் பார்த்து, மனம் ஒப்பிய பிறகு முளை அடியுங்கள். ஓடையிலிருந்து மட்டும் கல் எடுக்காதீர்கள், அங்கே கரையைப் பிடித்து நிற்பது அந்தக் கற்கள்தான்.

கல்லுக்குப் புல்தரைப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டைக்கல்லைப் புல்மட்டத்துக்கே பதியுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் அதன்மேல் உருளும், ஓரப்புல் முழுதாக வெட்டுப்படும். மேலாக ஓடிவரும் தண்டும் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

நடைபாதையில் சல்லி விரிப்பதானால் கரை மட்டும் போதாது. சில அடிக்கு ஒரு குறுக்குக்கல் பதித்துப் படிபோல் ஆக்காவிட்டால், சல்லி முழுவதும் கீழ்வீட்டு வாசலுக்குப் போய்விடும். மழை பெய்யும் நாளில் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1874இல் சரிவான பள்ளத்தில் அமைத்த பூங்கா அது. பாதை ஓரத்தில் தண்ணீர் எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள்.

கல்லுக்குப் பின்னால் செடிக் கரையும் வையுங்கள், கல்லின் விறைப்பு மறையும். நீலப் பூ பூக்கும் அகபாந்தஸின் தடித்த வேர் மண்ணை நன்றாகப் பிடிக்கும். நிழலில் மாண்டோ புல், வெயிலில் ரோஸ்மேரி. வண்ண இலைச் செடியான ஆல்டர்னாந்திரா நிறத்துக்கு நல்லது, ஆனால் உறைபனி விழும் பள்ளத்தில் கருகிவிடும். செடியை மட்டுமே நம்பிக் கிக்குயுவைத் தடுக்க முடியாது.

ஜனவரி கடைசியில் வேலையைத் தொடங்குங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண் இன்னும் இறுகியிருக்காது. சரிவு எந்தத் திசையில் இறங்குகிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதைக் கீழே எழுதினால், குழாய்த் துண்டுகளை எங்கெங்கே வைப்பது என்று சொல்கிறேன்.