இரண்டு வருஷம் ஆகியும் 18,000 சம்பளம்: என்ன செய்யலாம்?

தம்பி, சைட் இன்ஜினியராக இரண்டு வருஷமாகியும் 18,000-தான், சாஃப்ட்வேர் கோர்ஸ் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் காசு கட்டாதீர்கள். மேற்பார்வைக்கு மட்டும் சம்பளம் ஏறுவது கடினம். பில்லிங், அதாவது முடிந்த வேலையை அளந்து பில் போடுவது, தெரிந்தவரைக் கம்பெனி எளிதில் விடாது.

உங்கள் சைட்டிலேயே ஒரு தளத்தின் டிராயிங்கை எடுத்து கம்பிக் கணக்கு போடுங்கள். மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89. அதை வந்திறங்கிய லோடோடு ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது பூச்சு அளவில்தான்: கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 படி 0.5 சதுர மீட்டர் வரை உள்ள கதவு, ஜன்னல் போன்ற திறப்புக்குப் பரப்பைக் கழிக்கவே கூடாது; இருபுறமும் பூசிய சுவரில் அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 37,700-இல் தொடங்குகிறது. அதையும் விடாதீர்கள்.