நாயிட ரத்தத்தில சைட்டோகைன் பாக்கோணுமா?

கேள்வி: எங்கட நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து இப்ப சுகம். நாயிட ரத்தத்தில சைட்டோகைன் அளந்து வருத்தங்கள ஆராயுறாங்களாம் எண்டு மகள் சொல்றா, நாங்களும் செய்யோணுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேவையில்ல அக்கா, அது ஆராய்ச்சிக்காரர்ட வேலை. சைட்டோகைன் எண்டா நோய் எதிர்ப்பு செல்கள் ஒண்டுக்கொண்டு தகவல் சொல்ல விடுற சின்னப் புரதங்கள், அதில ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா எண்ட ரெண்டும் அழற்சிய கிளப்பும், ஐஎல்-10 அடக்கும். ரத்தத்தில இருக்கிறது பிகோகிராம் கணக்கில, அதாவது ஒரு கிராமில லட்சம் கோடியில ஒரு பங்கு, அதால ரத்தம் எடுத்த கையோட சீரத்தை (ரத்தம் உறைஞ்ச பிறகு மிஞ்சுற தெளிஞ்ச நீரை) பிரிச்சு மைனஸ் 80 டிகிரியில வைக்கோணும், மேசையில கிடந்தா அளவு மாறிடும். எலைசா எண்ட, புரதத்தை அளக்கிற டெஸ்ட்டில ஒரு தடவைக்கு ஒரு சைட்டோகைன்தான் பாக்கலாம், ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு கலர்ல நுண்ணிய மணி போடுற முறையில கொஞ்ச சீரத்திலயே கனக்க பாக்கலாம். மனுசருக்கு செய்த கிட் நாய்ப் புரதத்தில சரியா ஒட்டாமலும் போகும், இதைக் கவனிக்காட்டி ரிசல்ட்டே குப்பை!

ஐஎல்-6 கூடினா கர்ப்பப்பை சீழா, உண்ணிக் காய்ச்சலா எண்டு அது மட்டும் சொல்லாது. உங்கட மிருக டொக்டரிட்ட பிளேட்லெட் கவுண்ட்டும், வேணுமெண்டா சிஆர்பியும் (அழற்சி இருந்தா ரத்தத்தில கூடுற ஒரு புரதம்) கேளுங்கோ, உண்ணி மருந்தையும் விட்டுடாதேங்கோ.