பேஷன் என்றால் பாடா, ஆசையா?

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் என் மகள், டிசைன் வேலையில் தனக்குப் 'பேஷன்' உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். எங்கள் கோயிலில் இயேசுவின் பாடுகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாற்றச் சொல்லவா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் துன்பப்படுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு இயேசுவின் பாடு என்றே பொருள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடக்கமுடியாத உணர்ச்சியைக் குறித்தது. தீராத ஈடுபாடு என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. துன்பம் எப்படி ஆசையானது என்று குழம்ப வேண்டாம். நாமும் வேதனைப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், கோபப்படுகிறோம். எல்லாவற்றிலும் ஒரே 'படு'தானே! 'பாடு' பிறந்ததும் அதிலிருந்துதான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட வைத்தால், இப்படிச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கருணை அடிப்படை வேலையைக் 'கம்பேஷனேட் கிரவுண்ட்' என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான்: கூடச் சேர்ந்து துன்பப்படுவது. அந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும் வேகத்தைப் பார்த்தால், படுவதெல்லாம் விண்ணப்பித்தவர் மட்டும்தான்.

பேஷன் ஃப்ரூட் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். காதல் உணர்ச்சியைத் தூண்டும் பழம், பெயரே அதுதான் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தப் பெயரில் காதலே இல்லை. தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரியார்கள் அந்தக் கொடியின் பூவில் சிலுவைப்பாட்டைக் கண்டார்கள். நடுவில் வட்டமாக நிற்கும் இழைகள் முள்முடி, மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், ஐந்து மகரந்தத் தாள்கள் ஐந்து காயங்கள். இதழ்போல் இருப்பவை பத்து. அவை பத்துச் சீடர்கள். காட்டிக்கொடுத்த யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் கணக்கில் சேர்க்கவில்லை! பழத்துக்குப் பெயர் பூவிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், 'பாஸ்', 'ஐ', 'ஆன்' என்று சொல்லை மூன்றாக உடைத்துத் தத்துவம் சொல்லும் பயிற்சி வகுப்புகள். அது சொற்பிறப்பு அல்ல, கட்டணம் வாங்கும் வித்தை. பயோடேட்டா எழுதித் தரும் ஆட்கள் இன்னும் மோசம். காசை வாங்கிக்கொண்டு வரிக்கு வரி இந்தச் சொல்லைத் தூவிவிடுவார்கள்.

மகள் ஒரே இடத்தில் எழுதட்டும். 'பேஷன்' என்றால் பின்னால் 'ஃபார்', 'பேஷனேட்' என்றால் 'அபவுட்'. முதல் எழுத்தையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். டிசைன் வேலை என்பதால் 'ஃபேஷன்' என்று விழுந்திருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.