வியட்நாமுக்குக் குடும்பத்தோடு போகிறோம், பாதுகாப்பு எப்படி, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தைரியமாகப் போங்கள். ஹோ சி மின் நகரில் (உள்ளூரில் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்) ராத்திரி பதினொரு மணிக்கும் பிள்ளைகளோடு நடந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. நான் பறிகொடுத்தது பட்டப்பகலில், அதுவும் மாரியம்மன் கோயில் வாசலில்.

‘பென் தான்’ என்ற சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அந்தக் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே குடியேறிய நம் ஆட்கள் கட்டியது. இப்போது வந்து கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கோபுரம் முழுதாகப் படத்தில் விழட்டும் என்று நடைபாதை ஓரத்துக்குப் பின்வாங்கி போனைத் தூக்கினேன். பின்னால் ஸ்கூட்டர் சத்தம். அந்த ஊரில் எந்நேரமும் ஸ்கூட்டர் சத்தம்தான், யார் திரும்பிப் பார்ப்பது? கையில் போன் இல்லை. பின்சீட்டில் இருந்தவன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். வாசலில் பூ விற்ற அம்மா தன் கையை நெஞ்சோடு அணைத்துக் காட்டினார். போனை இப்படிப் பிடிக்கணுமாம்!

போன் போனதைவிட, அதற்குள் இருந்த இந்திய சிம் போனதுதான் பெரிய தலைவலி. வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டு சிம்மையும் கார்டுகளையும் முடக்கினோம். மீதி நான்கு நாளும் அவள் கைப்பையில் இருந்த டாலரில் ஓட்டினோம். இப்போதெல்லாம் இந்திய சிம்மை ஒரு பழைய போனில் போட்டு ஓட்டல் லாக்கரில் வைத்துவிடுகிறேன். வெளியே எடுத்துப்போகும் போனில் உள்ளூர் சிம் மட்டும்தான்.

பணத்திலும் ஒரு கண் வேண்டும். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் படம். டாக்ஸி இருட்டில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போச்சு. பெரிய நோட்டுகளைத் தனியாக வையுங்கள். கிராப் ஆப்பில் வண்டி கூப்பிட்டால் வாடகை முன்னாலேயே தெரியும், மீட்டர் சண்டை இல்லை. இளநீர்க்காரர் காவடி மாதிரியான கம்பை உங்கள் தோளில் ஏற்றிவிட்டு "படம் எடுத்துக்கோ" என்பார். அப்புறம் இளநீருக்கு அவர் சொல்வதுதான் விலை. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து என்றால் ரோடுதான். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். கடக்கும்போது நம் வழக்கத்துக்கு மாறாக முதலில் இடப்பக்கம் பாருங்கள். ஸ்கூட்டர் கூட்டத்துக்குள் மெதுவாக, ஒரே சீராக நடந்தால் அவர்களே விலகிப் போவார்கள். நடுவில் நிற்பதும் பின்வாங்குவதும்தான் வம்பு. காருக்கும் பஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அவை போகும்வரை காத்திருங்கள். வாடகை ஸ்கூட்டர் பக்கம் நான் போகவே மாட்டேன். அங்கே செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கை கொடுக்காது.

போலீஸுக்கு 113, ஆம்புலன்ஸுக்கு 115. ஏதாவது திருடு போனால் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள், ஆங்கிலம் பேச ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் கூடவே வந்து புகாரை வியட்நாமியில் எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்திய அந்தக் காகிதத்தைத்தான் ஊர் திரும்பியதும் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்டார்கள்.