ஓரடி ஆழத்தில் ஊன்றும் மக்காச்சோளம்

கேள்வி: அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஃபார்மிங்டனில் குடியிருக்கிறோம். இங்குள்ள பழங்குடியினரான நவஹோ விவசாயிகள் பாசனமே இல்லாமல் மக்காச்சோளம் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, கொல்லை மணலில் ஓரடி ஆழத்தில் விதை ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பேசாமல் ஆற்று வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சிவிடலாமா?

பதில்: கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையைத்தான் ஊன்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை அவ்வளவு ஆழத்தில் புதைத்தால் குருத்து வெளிச்சத்தைப் பார்க்கும் முன்பே மண்ணுக்குள் இலை விரித்து மடங்கிவிடும். நவஹோ மக்களும் அவர்களின் அண்டைப் பழங்குடியினரான ஹோப்பி மக்களும் வளர்க்கும் ரகங்கள் வேறு மாதிரி. விதைக்கும் முதல் கணுவுக்கும் நடுவிலுள்ள தண்டு ஓரடிகூட நீண்டு, குருத்தை மேல்மண்வரை தள்ளிக்கொண்டு போகும். கீழே ஒற்றை வேர் நேராக ஈரத்தைத் தேடி இறங்கும். தாவரவியலாளர் ஜி.என். காலின்ஸ் 1914-லேயே இதை விவரித்திருக்கிறார். அதனால் முதலில் விதையை மாற்றுங்கள். அரிசோனாவின் டூசானில் 1983 முதல் இயங்கும் நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற விதைப் பாதுகாப்பு அமைப்பில் இந்த வட்டார ரகங்களைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கம் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். குளிர்காலப் பனி உருகி அடிமண்ணில் தங்கும் ஈரத்தில்தான் பயிர் முளைக்கிறது. ஜூலைக்கு மேல் வரும் மழை அதைக் கரை சேர்க்கிறது. மே மாதம் ஒரு குழி தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஊன்றலாம், உதிர்ந்தால் வேண்டாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மேற்கில் மறைந்ததும் விதைப்பைத் தொடங்கி, ஜூன் கடைசிவாக்கில் விடியலில் அது மறுபடி தெரிவதற்குள் முடிப்பது நவஹோ வழக்கம்.

காய்ந்த மேல்மணலை ஒதுக்கிவிட்டு, ஈரம் தட்டும் இடத்தில் குழிக்குப் பத்துப் பதினைந்து விதை போடுங்கள். ஈர மண்ணால் மூடி, மேலே காய்ந்த மணலைத் தளர்வாகப் பரப்பினால் அதுவே மூடாக்கு. குழிக்குக் குழி ஆறடியாவது இடைவெளி விடுங்கள். இடம் வீணாகிறதே என்று நடுவில் நெருக்கினால் எல்லாமே காயும். பயிர் கொத்தாக நிற்பதால் காற்றைத் தாங்கும்; புழுவுக்கும் எலிக்கும் போனது போக நாலைந்து செடி மிஞ்சும். களையை மட்டும் விட்டுவைக்காதீர்கள். மேலாக அடிக்கடி தண்ணீர் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், அப்புறம் இவ்வளவு ஆழத்தில் ஊன்றியதற்கே அர்த்தமில்லை.

இனி வாய்க்கால் தண்ணீர். 2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொலராடோவின் கோல்ட் கிங் சுரங்கத்திலிருந்து 1 கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீர் உடைந்து, அனிமாஸ் ஆறு வழியாக உங்கள் ஊரில் சான் வான் ஆற்றில் கலந்தது. ஆற்றில் இன்னும் கீழே, நவஹோ ஊரான ஷிப்ராக்கில் பயிர் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தும், வாய்க்காலைத் திறக்க வேண்டாம் என்று நவஹோ விவசாயிகள் முடிவெடுத்தார்கள். தண்ணீர் உரிமைக்கான அவர்களின் குரலைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். பிறகு நவஹோ நீரியல் விஞ்ஞானி கார்லெட்டா சீஃப் குழுவினர் அந்த ஊர் மக்களோடு சேர்ந்தே ஆற்று நீரையும் மண்ணையும் ஆய்வு செய்தார்கள்.

சுரங்கக் கழிவில் வரும் ஈயம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் வண்டலோடு ஒட்டித்தான் நகரும். பாய்ச்சியே ஆக வேண்டுமென்றால், தண்ணீரையும் மண்ணையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். பெருமழைக்குப் பிறகு ஆறு கலங்கி ஓடும் நாட்களில் மடையைத் திறக்காதீர்கள்.