பிள்ளை வளர்ந்தாச்சு, கராஜ் நிறைஞ்சாச்சு

கேள்வி: மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஏழு. இரண்டு கார் நிற்க வேண்டிய கராஜில் இப்போது ஒரு காருக்கும் இடமில்லை. அக்கா கொடுத்த குழந்தைக் கட்டில், இரண்டு கார் சீட், ஸ்ட்ரோலர், ஹை சேர், பை பையாகத் துணி, பொம்மை, புத்தகம். ஒரு சனிக்கிழமை கராஜ் சேல் போட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடலாம் என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, "பிள்ளைங்க போட்ட துணியைத் தெருவுல போட்டு விக்கிறதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என்ன விலை வைப்பது, எங்கே தொடங்குவது?
– வாசகி, பிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: விலை கிடக்கட்டும், அதை அப்புறம் பார்ப்போம். எதையெல்லாம் விற்கவே கூடாது என்று முதலில் ஒரு மூலையில் ஒதுக்குங்கள்.

அக்கா கொடுத்த கட்டிலிலிருந்தே தொடங்கலாம். பக்கவாட்டுத் தடுப்பு மேலும் கீழும் இறங்குகிற மாதிரியா? அப்படியானால் அது வெளியே போகக் கூடாது. அந்தத் தடுப்பு கழன்று, இடுக்கில் சிக்கி முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகுதான் சட்டம் கடுமையானது. புதிய விதிப்படி செய்யப்படாத குழந்தைக் கட்டில்களை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் விற்கக் கூடாது. தடுப்பு இறங்காத கட்டிலாக இருந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதியைப் பாருங்கள், அந்த நாளுக்கு முந்தையது என்றால் அதுவும் அநேகமாக விதிக்குள் வராது. தானமாகவும் கொடுக்காதீர்கள். பிரித்து, வேறு யாரும் எடுத்துப் பூட்ட முடியாதபடி உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

அடுத்தது கார் சீட். அதற்கும் காலாவதித் தேதி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருடம். உங்கள் மகனின் சீட் தேதி தாண்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தேதி தாண்டாவிட்டாலும், அது இருந்த கார் பெரிய விபத்தில் மாட்டியிருந்தால் அந்த சீட் யாருக்கும் வேண்டாம். டார்கெட் கடையில் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும், பழைய கார் சீட்டை எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொண்டு தள்ளுபடிக் கூப்பன் தருவார்கள். அங்கே தள்ளிவிடுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட பொருளை, அதாவது ரீகால் ஆனதை, விற்பது 2008 சட்டப்படி குற்றம். வீட்டு வாசலில் மேசை போட்டு விற்கிறவருக்கும் இது பொருந்தும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சாய்ந்து படுக்கும் 'ராக் அண்ட் ப்ளே' தொட்டில் வாங்கினீர்களா? அந்த வருடங்களில் பிள்ளை பெற்ற பல வீடுகளில் அது இருந்தது. 2019 ஏப்ரலில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் சுமார் 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் கட்டில், ஸ்ட்ரோலர், ஹை சேர், ஊஞ்சல் என்று ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். பெரிய சாமான்களுக்கு மட்டும் பார்த்தால் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். ஹூடி, ஜாக்கெட்டுகளில் கழுத்தைச் சுற்றிக் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், விளையாட்டுச் சறுக்கில் மாட்டிக்கொள்ளும்.

இப்போது மாமியார். அவரை இதில் எதிராளி ஆக்காதீர்கள். பிள்ளைத் துணி கைமாறுவது நம் வீடுகளில் புதிதா என்ன? பிறந்த குழந்தைக்குப் புதுச்சட்டை போடாமல், நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கி முதலில் போட்டுவிடுகிற வழக்கம் இன்னமும் பல குடும்பங்களில் இருக்கிறது. அவருக்கு உறுத்துவது காசு வாங்குவதுதான். ஆகவே பட்டுப் பாவாடை, குட்டி வேட்டி, முதல் பிறந்தநாள் கவுன், கொலுசு எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்து, எதை வைத்துக்கொள்வது, யாருக்குக் கொடுப்பது என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். எப்படியும் பட்டுப் பாவாடை கராஜ் சேலில் போகாது. போனாலும் ஒரு டாலருக்கு வாங்கி, தலையணை உறை தைக்க வெட்டுவார்கள். தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டால் நவராத்திரிக்கு முன் அடித்துப் பிடித்து வாங்கிப் போவார்கள்.

சரி, விலை. நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். நாற்பது டாலர் கவுனை "ரெண்டு தடவைதான் போட்டா" என்று சொல்லிப் பதினைந்துக்கு வைத்தால் அது மாலையில் உங்கள் கராஜுக்கே திரும்பி வரும். துணி ஒன்று ஐம்பது சென்ட் அல்லது ஒரு டாலர். கைக்குழந்தைத் துணி என்றால் பை நிறைய ஐந்து டாலர். புத்தகம் கால் டாலர். ஸ்ட்ரோலர் நல்ல நிலையில் இருந்தால் இருபது, இருபத்தைந்து சொல்லலாம். லெகோவை மட்டும் அள்ளி விடாதீர்கள், அதற்கு எப்போதும் ஆள் உண்டு, ஜிப்லாக் பைகளில் போட்டுத் தனித்தனியாக விலை வையுங்கள். பேரம் பேசுவார்கள். ரங்கநாதன் தெருவில் நாம் செய்யாததா? பத்து மணிக்கு மேல் கேட்கிற விலைக்கே கொடுங்கள்.

துணியைக் குவியலாகப் போட்டால் யாரும் குனிந்து கிளற மாட்டார்கள். அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கி, மாஸ்கிங் டேப்பில் 2டி, 3டி, 4டி என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பாட்டரி பொம்மைக்குப் பாட்டரி போட்டு வையுங்கள், வாங்குகிறவர் பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் காசு எடுக்க மாட்டார். ஜிக்சாவில் துண்டு குறைந்தால் குறைகிறது என்று எழுதிவிடுங்கள்.

டெக்சாஸ் வெயிலில் ஏப்ரலும் அக்டோபரும்தான் சரிப்படும். காலை ஏழு மணி என்று போட்டால் ஆறரைக்கே வந்து நிற்பார்கள், பழைய சாமான் வாங்கி விற்கிறவர்களும் அதில் இருப்பார்கள். உங்கள் நகராட்சிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா, வீட்டு உரிமையாளர் சங்கம் என்ன சொல்கிறது என்று முன்பே கேளுங்கள். சங்கமே குடியிருப்பு முழுவதற்கும் ஒரு நாள் நடத்துகிறது என்றால் அந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளம்பரச் செலவு மிச்சம். சில்லறைக்கு ஒரு டாலர் தாள்களும், ஒரு சுருள் குவார்ட்டரும் (பத்து டாலர்) வங்கியிலிருந்து எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் போகும் கதவு பூட்டியே இருக்கட்டும்.

மதியம் மிஞ்சியது எதுவும் மறுபடி உள்ளே போகக் கூடாது. பெட்டியோடு காரில் ஏற்றி பழைய சாமான்களைத் தானமாக வாங்கிக்கொள்ளும் குட்வில் கடையில் அன்றே இறக்கிவிடுங்கள். நல்ல பிராண்ட் துணிகளை விற்பனைக்கு முன்பே 'ஒன்ஸ் அப்பான் எ சைல்ட்' போன்ற கடைக்குக் கொண்டுபோனால் கையில் காசு தருவார்கள், என்ன, பொறுக்கித்தான் எடுப்பார்கள்.

கேள்வி: கராஜ் சேலில் முந்நூறு டாலர் வந்தது. வருமான வரியில் காட்ட வேண்டுமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை வாங்கின விலைக்குக் கீழே விற்றால் அது வருமானமே இல்லை. நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த முறை வேறு இடத்தில் வாங்கி வந்து லாபத்துக்கு விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அப்போது கணக்கு வேறு.

கேள்வி: விற்பனை அன்று என் ஆறு வயது மகன் தன் பழைய ரயிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அவனை நண்பர் வீட்டில் விட்டுவிடலாமா?
– வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: வேண்டாம், தெரியாமல் விற்றால் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒரு வாரம் முன்பே ஒரு பெட்டியைக் கொடுத்து, இதில் அடங்குவதெல்லாம் உனக்கு, மிச்சத்தை விற்ற காசும் உனக்கு என்று சொல்லுங்கள். அந்த ரயில் அவனுடைய பெட்டிக்குள் போனால் போகட்டும், அதில் என்ன நஷ்டம்? அன்று அவனுக்கு ஒரு வேலையும் வேண்டும், எலுமிச்சைச் சாறு விற்கட்டும். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் பிள்ளைகள் வீட்டு வாசலில் சாறு விற்க எந்த நகராட்சியும் அனுமதிச் சீட்டு கேட்க முடியாது. உங்கள் கராஜ் சேலுக்குக் கேட்டாலும் கேட்பார்கள், அவன் கடைக்குக் கேட்க மாட்டார்கள். அவன் கல்லாவை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள், மாலையில் உங்கள் காசோடு கலந்துவிட்டால் அதற்கு ஒரு அழுகை வரும்.